ஐயாவின் கல்வெட்டில் நான் எழுதிய நான்கு வரிகள்

என்னைப் பெற்ற தகப்பனின் கல்வெட்டில் நான் பொய் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அவர் எழுதச் சொன்ன உண்மையை விட்டுவிட்டு, அவர் சொல்லாத பொய்யை எழுதினேன்.

போன மாதம்வரை, முப்பது வருடமாக இதை முழுமையாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் நா எழுகிறதோ என்னவோ!

கல்வெட்டு என்றதும் நீங்கள் கோயில் சுவரையும் அரசன் பெயரையும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம், அவருடைய வாழ்க்கை வரலாறு, அவர் புகழ் பாடும் விருத்தங்கள், பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அந்தப் புத்தகத்துக்குப் பெயர்தான் கல்வெட்டு.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. உரும்பிராய்க்குப் பக்கத்து ஊர். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் பகுதியில் செத்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்வெட்டு எழுதியவள் நானே. எச்சிற்கையால் காகம் விரட்டாதவரைக் கர்ணன் என்று பாடியிருக்கிறேன். மாமியாரைப் பட்டினி போட்ட மருமகளை அன்னபூரணி ஆக்கியிருக்கிறேன். சபையில் ஒருவரும் சிரித்ததில்லை. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்லவேண்டும் என்பது எங்கள் ஊரின் எழுதாத சட்டம்.

ஆனால் ஐயாவின் கல்வெட்டில் நான் எழுதியது அந்த வகைப் பொய்யல்ல. அதைப் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஐயா என்று நான் அழைத்த என் தகப்பனார் எங்கள் ஊரின் விதானையாராக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்து விதானையார் என்றால் சும்மாவா? பிறப்பு, இறப்பு, காணிச் சண்டை, களவு, எல்லாம் அவரைத் தாண்டித்தான் அரசாங்கத்திடம் போகும். அவர் தெருவிலோ ஒழுங்கையிலோ நடந்துவந்தால் மடித்துக் கட்டிய வேட்டிகள் தாமாகவே அவிழும் என்பார்கள்.

எனக்கு அவர் அப்படியல்ல. என் அம்மா நான் ஐந்து வயதாயிருக்கும்போதே போய்விட்டா. பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர் ஐயாதான். ஊரையே உறுக்குகிற அந்த மனிதர், பின்னல் கோணலாக வந்துவிட்டதென்று பாதி வழிக்கு ஓடிவந்து, வேலியோரம் என்னை நிறுத்தி, திரும்பவும் பின்னிவிட்டிருக்கிறார். ஒரு நாளாவது என்மீது கை ஓங்கியதில்லை. நான் திருமணம் செய்யாமல் அவரோடேயே இருந்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவா? அல்லது என்மீது கொஞ்சம் இரக்கப்பட வேண்டும் என்பதற்காகவா? இரண்டும்தான்... மறைப்பானேன்!

தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணமே ஊரைவிட்டு எழும்பிய பெரிய இடப்பெயர்வுக்கு முந்தைய வருடம். ஐயா படுக்கையில் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மின்சாரம் இல்லை, மருந்து தட்டுப்பாடு, சவர்க்காரம்கூடப் பெரிய பொருள். ஒரு பின்னேரம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியைக் கையால் விலக்கினார்.

"பிள்ளை, என்ரை கல்வெட்டை நீதானே எழுதப்போறாய்?"

"என்ன கதை கதைக்கிறியள் ஐயா! வாயைத் திறவுங்கோ."

"கதையைக் கேள். எமிலற்றை விசயத்தையும் அதிலை எழுது. நான் செய்ததைச் செய்தபடி எழுது."

எமிலர் என்ற பெயரை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் தொடங்குகிற காலத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் என்ற அளவில் தெரியும். எமில் என்ற பெயரோடு எங்கள் ஊரார் வழக்கம்போல ஒரு 'ர்' சேர்த்து மரியாதையாக்கிவிட்டார்கள். மிச்சத்தை அன்று பின்னேரம்தான் ஐயா சொன்னார். மூச்சு வாங்கி, இடையிடையே கண்மூடிக் கிடந்து, இருட்டுவதற்குள் சொல்லி முடித்தார்.

எமிலர் வியன்னா நகரத்து யூதர். இயந்திரப் படிப்புப் படித்தவர். ஹிட்லரின் ஆட்கள் ஊருக்குள் வந்ததும் வேலை போய், வீடு போய், கிடைத்த கப்பலில் ஏறிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். மனைவியையும் மூன்று வயது மகளையும் பிறகு அழைப்பதாகச் சொல்லி விட்டுவந்திருந்தார். கொழும்பில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் விற்கிற ஒரு கொம்பனி அவரை வேலைக்கு வைத்தது. எங்கள் ஊரில் முதன்முதலாக எஞ்சின் வாங்கியவர் ஐயா. அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, பழுது பார்க்க எமிலர் வந்தார். வந்தவர் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டார். சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர் எல்லாரும் எஞ்சினைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.

"நல்ல மனுசன் பிள்ளை. பிட்டும் மீன்குழம்பும் எண்டால் உயிர். கையாலைதான் சாப்பிடுவன் எண்டு நிண்டு, சட்டையெல்லாம் குழம்பு." இதைச் சொல்லும்போது ஐயா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

அதுவரை துலாவால் இறைத்த கிணறு எங்களுடையது. அந்தக் கிணற்றில் எல்லாரும் அள்ள முடியாது. எங்கள் தோட்டத்தில் வேலைசெய்த குடும்பங்கள் கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட வரக்கூடாது. பானையைத் தூரத்தில் வைத்துவிட்டு, எங்கள் வீட்டார் யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். நான் கேட்டறிந்ததைச் சொல்லவில்லை. நானே பார்த்து வளர்ந்தேன். அது எனக்கு வெயில் அடிப்பதுபோல, மழை பெய்வதுபோல ஒரு காரியமாகத்தான் இருந்தது.

எமிலர் எஞ்சினை ஓட்டியபோது தண்ணீர் கிணற்றை விட்டு வெளியே வந்தது! குழாய் வாயால் வாய்க்காலுக்குள் கொட்டியது. தூரத்தில் பானையோடு நின்றவள் முத்தரின் மனைவி. முத்தர் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். ஐயா அவரை 'முத்தன்' என்பார். நானும் ஐம்பது வயதுவரை அப்படியே சொன்னேன். எமிலர் அந்தப் பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் பயந்து பின்வாங்கினாள். எமிலர் தாமே போய்ப் பானையை வாங்கி, குழாய் வாயில் பிடித்து, நிரப்பி, அவள் இடுப்பில் வைத்துவிட்டார்.

மறுநாள் ஐந்து பானை வந்தது. அதற்கு மறுநாள் பத்து.

ஊர்ப் பெரியவர்கள் ஐயாவிடம் வந்தார்கள். "விதானையார், வெள்ளைக்காரனை வைச்சுக்கொண்டு ஊரைக் கெடுக்கிறியளோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஐயாவுக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. எமிலரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். எமிலர் பழகியிருந்த அரைகுறைத் தமிழில் பதில் சொன்னாராம்.

"எங்கடை ஊர், பூங்கா, ஆக்கள் குந்துற வாங்கு. எழுதி இருக்கு... நான் இருக்கக்கூடாது. என்ரை பிள்ளை இருக்கக்கூடாது. இஞ்சையும் எழுதி இருக்கோ?"

"என்ன சொல்லுறது பிள்ளை? எழுதி இருக்கேல்லைத்தானே" என்று ஐயா என்னிடம் கேட்டார். நான் கஞ்சியைக் கீழே வைத்தேன்.

அந்த நாட்களில்தான் போர் தொடங்கியது. எமிலர் ஹிட்லரிடமிருந்து ஓடிவந்தவர். ஆனால் ஹிட்லர் வியன்னாவைப் பிடித்தபின் கொடுத்த கடவுச்சீட்டில் ஜேர்மனி என்றிருந்தது. அரசாங்கத்துக்கு அது போதும். எதிரி நாட்டவர் எல்லாரையும் பிடித்து அடைக்கும்படி உத்தரவு வந்தது. என்றாலும் அகதியாக வந்தவர்கள், தீங்கில்லாதவர்கள் என்று தெரிந்தால் வெளியே விட்டுவைக்கவும் ஒரு வழி இருந்ததாம். அதற்காக விதானையாரிடம் அபிப்பிராயம் கேட்டு ஒரு கடுதாசி வந்தது.

ஐயா எழுதினார். 'இவர் ஊராரைக் கிளப்பிவிடுகிறவர். இங்கே இருப்பது அமைதிக்கு நல்லதல்ல.' கீழே கையெழுத்து.

பார்த்தீர்களா? உளவாளி என்று எழுதவில்லை. ஜேர்மன்காரன் என்று எழுதவில்லை. தண்ணீர் கொடுத்தான் என்பதைத்தான் அவர் அப்படி எழுதினார்!

அதே மேசை லாச்சிக்குள் இன்னொரு கடுதாசி கிடந்தது. எமிலர் தம் மனைவியையும் மகளையும் அழைப்பதற்கு உள்ளூர்ப் பெரியவர் ஒருவரின் கையெழுத்து வேண்டுமென்று முன்பே கொண்டுவந்து கொடுத்தது. 'பாப்பம்' என்று சொல்லி ஐயா வாங்கி வைத்திருந்தார். அதில் கையெழுத்து விழவேயில்லை.

பொலிசு வந்தபோது எமிலர் ஐயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாராம். தமக்காக நல்ல வார்த்தை எழுதியிருப்பார், கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு போனார். தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். பிறகு வட இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

அன்று பின்னேரமே ஐயா ஆள் வைத்துக் குழாயடியில் நின்ற பானைகளை உடைப்பித்தார். குழாய் வாயைச் சுற்றி முள்வேலி போட்டார். அடுத்த சில மாதங்களில் போரினால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போய், எஞ்சினும் படுத்துவிட்டது. திரும்பவும் துலாதான். யாருக்காக இத்தனையும்? எதற்காக?

"எழுதுவியோ பிள்ளை?" என்று கேட்டார் ஐயா.

"எழுதுறன் ஐயா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பதினொரு நாளில் போய்ச் சேர்ந்தார்.

எழுத உட்கார்ந்தேன். பேப்பர் தட்டுப்பாடு, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அச்சடிக்க வேண்டும், எட்டுப் பக்கத்துக்கு மேல் ஏலாது என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். எழுதினேன், வெட்டினேன். திரும்ப எழுதினேன், திரும்ப வெட்டினேன். என் தலையைப் பின்னிவிட்ட கைகளை ஊரார் முன்னால் பானை உடைத்த கைகளாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் இரக்கம், நிறைய வெட்கம். எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கடைசியில் இப்படி எழுதினேன்:

நாடிழந்து வந்தவர்க்கு நல்லிடமும் தந்தான்
நாற்றிசையும் பகைத்தபோதும் நட்பெனவே நின்றான்
காவலிட்டுக் கொண்டுசெல்லக் கண்ணீரே சொரிந்தான்
கருணையெனும் சொல்லதற்கே காவலனாய் வாழ்ந்தான்

மோனை பிசகவில்லை, பாருங்கள்! முழுப் பூசணிக்காயை நான்கு வரிச் சோற்றில் மறைத்துவிட்டேன். சடங்குக்கு வந்தவர்கள் வாசித்துவிட்டு, "விதானையார் எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்றார்கள். ஒருவருக்கொருவர் அந்த வரிகளைக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம், பெருமையாகத்தான் இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று முத்தரும் வந்திருந்தார். முற்றத்தின் ஓரத்தில் நின்று, ஒரு கல்வெட்டை வாங்கி, மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நான் அவரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

வருடங்கள் போயின. போரும் ஒருவழியாக முடிந்தது. கொரோனா வருவதற்கு இரண்டு வருடம் முன்னர், இலண்டனிலிருந்து ஓர் அழைப்பு. முத்தரின் பேத்தி வதனி. நான் படிப்பித்த பிள்ளை. அங்கே தாதியாக இருக்கிறாள். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை.

"ரீச்சர், நான் பாக்கிற ஒரு அம்மா, எல்சா எண்டு பேர், எண்பத்திரண்டு வயசு. தன்ரை தகப்பன் யாழ்ப்பாணத்திலை தண்ணி எஞ்சின் பூட்டினவர் எண்டு சொன்னா. எனக்கு உங்கடை ஐயாவின்ரை கல்வெட்டு ஞாபகம் வந்தது. எங்கடை வீட்டிலை ஒண்டு இருக்குத்தானே. அப்பாவைக் கொண்டு போனிலை படம் எடுப்பிச்சு, பாட்டை அவவுக்குச் சொன்னனான். அழுது முடியேல்லை ரீச்சர். அங்கை வரவேணுமாம்."

அந்த வீட்டில் ஐயாவின் கல்வெட்டு எதற்காக இத்தனை வருடம் இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வந்தார்கள். எல்சா அம்மா கைத்தடியோடு, வெயிலில் முகம் சிவந்து, வதனியின் தோளைப் பிடித்தபடி எங்கள் வாசற்படலையைத் திறந்து உள்ளே வந்தா. என்னைக் கண்டதும் என் கன்னத்தைத் தொட்டா. அந்தக் கண்கள் மூன்று வயதுப் பிள்ளையின் கண்கள்... என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவவின் கதையை வதனி எனக்குத் தமிழில் சொன்னாள். அவவின் தாய் தப்பவில்லை. பிள்ளையை மட்டும் ஒரு ரயிலில் ஏற்றி, இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டா. தகப்பன் வட இந்திய முகாமில் காய்ச்சலில் இறந்தார். எல்சா அம்மாவிடம் மிஞ்சியது தகப்பனின் நான்கு கடிதங்கள். அதில் ஒன்றை எடுத்து வாசித்தா, வதனி சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

'இங்கே என்னோடு அடைபட்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஹிட்லரின் பக்கத்து ஆட்கள். ஒரே கொட்டிலில் படுக்கிறோம். ஆனால் நீ பயப்படாதே. யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத் தலைவர் இருக்கிறார். நல்ல மனிதர். உனக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவார்.'

"உலகம் முழுக்கக் கதவைச் சாத்தின நேரம் ஒரு ஆள் திறந்து வைச்சிருந்தார் எண்ட நினைப்பிலைதான் தான் இவ்வளவு காலமும் சீவிச்சதாம் ரீச்சர்" என்றாள் வதனி. அவள் குரலில் ஒன்றும் இல்லை. வெறும் மொழிபெயர்ப்பு.

எல்சா அம்மா கிணற்றடிக்குப் போகக் கேட்டா. இப்போது மின்சார மோட்டர். குழாய் அதே பக்கம்தான் கொட்டுகிறது. ஆளியைப் போட்டேன். அவ கைத்தடியை மதிலில் சாத்திவிட்டு, இரண்டு கையையும் குழாய் வாயில் ஏந்திக் குடித்தா. உடுப்பெல்லாம் நனைந்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தா.

"வதனி," என்றேன், "அந்தப் பாட்டுப் பொய். ஐயாதான் எழுதிக் குடுத்து இவவின்ரை தகப்பனைப் பிடிப்பிச்சவர். கையெழுத்தும் போடேல்லை. நான் தெரிஞ்சுகொண்டுதான் மாத்தி எழுதினனான். சொல்லு அவவுக்கு. இப்பவே சொல்லு!"

வதனி என்னையே பார்த்தாள். எல்சா அம்மா ஈரக் கையோடு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றா. நான் ஏதோ அன்பாகச் சொல்கிறேன் என்று நினைத்தா போலும்.

வதனி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். 'தன்னுடைய தகப்பன் சாகும்வரை உங்கள் தகப்பனை மறக்கவில்லை என்று சொல்கிறா.'

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எல்சா அம்மாவை வாகனத்தில் ஏற்றிவிட்டு, வதனி படலையடிக்குத் திரும்பி வந்தாள். கோபமாக வரவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அவவுக்கு எண்பத்திரண்டு வயசு ரீச்சர். உங்கடை பாரத்தை இறக்கி வைக்க அவதானோ கிடைச்சா?"

"எனக்கு வேறை ஆர் இருக்கினம் பிள்ளை?"

"என்ரை அப்பப்பா அடுத்த ஒழுங்கையிலைதானே இருந்தவர்."

"போட்டு வாறன் ரீச்சர்" என்று மாணவியாக இருந்தபோது சொல்வதுபோலவே சொல்லிவிட்டுப் போனாள்.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்கு அந்த வயதில்தான் புரிந்தது! அத்தனை வருடமும் நான் குற்றவுணர்வு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் கடல் கடந்து போன ஒரு வெள்ளைக்காரருக்காக. அவர் தூரத்தில் இருந்தார், செத்தும் போய்விட்டார், அவரை நினைத்து அழுவது சுகமாகக்கூட இருந்தது. பானை உடைபட்டவர்கள் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார்கள். அவர்களை நினைத்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்... எனக்கு என் முகமே தெரிந்திருக்கவில்லை.

அதுமட்டுமா? ஐயா செத்த மறுவருடம் யாழ்ப்பாணமே எழுந்து நடந்ததே, அந்த இடப்பெயர்வு. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி எடுத்து வைக்க அரை மணித்தியாலம். தாகத்தில் குடைகளைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தார்கள் சனங்கள். எனக்குத் தலை சுற்றி, வீதியோரம் இருந்துவிட்டேன். கூட்டத்துக்குள்ளிருந்து முத்தர் வந்தார். கையில் ஒரு போத்தல்.

"குடியுங்கோ ரீச்சர். ஆரும் பாக்கேல்லை."

குடித்தேன். மடக்கு மடக்கென்று குடித்தேன். ஆரும் பார்க்கவில்லை என்று அந்தக் கிழவர் எனக்காக அக்கம்பக்கம் பார்த்துச் சொன்னாரே... அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

எல்சா அம்மா கொரோனாக் காலத்தில் இலண்டனில் காலமானா. அவவின் விருப்பப்படி, என் நான்கு வரிகளை ஆங்கிலத்தில் வாசித்துத்தான் அடக்கம் செய்தார்களாம். வாசித்தவள் வதனி. இதை எனக்கு அறிவித்தபோதும் அவள் குரலில் ஒன்றும் இல்லை.

அதன்பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். அவவின் மனம் நோகக்கூடாதென்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்ததாக முன்பு சொல்லிக்கொள்வேன். அவவும் போனபின் சொல்லிக்கொள்ளச் சாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. என்றாலும் எழும்ப மனம் வரவில்லை. ஓர் ஒழுங்கை தாண்டுவதற்கு எனக்கு எழுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது.

போன மாதம் ஒரு காலையில் போனேன். வதனியின் தகப்பன் ராசன் வாசலில் வெங்காயம் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிக் கதிரை எடுத்துப் போட்டார். அந்த வீட்டுக்குள் நான் அதற்குமுன் கால் வைத்ததில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்தேன். பிறகு சொன்னேன். எமிலர், கடுதாசி, உடைத்த பானைகள், முள்வேலி, நான் எழுதியது, எழுதாமல் விட்டது எல்லாவற்றையும், ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

ராசன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் வெங்காயத்தை முடிந்துகொண்டே இருந்தது.

"தெரியும் ரீச்சர்" என்றார்.

"என்னெண்டு?"

"அந்த முதல் பானை என்னைப் பெத்த ஆச்சியின்ரைதானே. அப்பு எல்லாம் சொல்லியிருக்கிறார். கல்வெட்டை அண்டைக்கு நான்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டினனான். அந்தப் பாட்டை ரண்டு தரம் வாசிக்கச் சொன்னவர்."

"கேட்டிட்டு என்ன சொன்னவர்?"

"'எல்லாம் இருக்கு மகனே, தண்ணியைக் காணேல்லை' எண்டார்."

நான் எழும்பப் பார்த்தேன். ராசன் இன்னும் முடிக்கவில்லை.

"நான் கோவத்திலை அதைக் கிழிக்கப் போனனான் ரீச்சர். விடேல்லை. 'வைச்சிரு, ரீச்சர் படிச்ச பிள்ளை, ஒருநாளைக்கு அதையும் எழுதிக் கொண்டுவருவா' எண்டு சொன்னவர். சாகுமட்டும் படலைச் சத்தம் கேட்டால் ஆரெண்டு கேப்பார்."

இதோ, எழுதிவிட்டேன். முத்தர் காலமாகி இருபது வருடமாகிறது.